நெல் வேஷம் போட்ட புல்

களையெடுக்க வயலில் இறங்கிய நம்ம உறுப்பினர்கள் எல்லாருக்கும் குதிரைவாலிப் புல்லைத் தெரியும். இளசாக இருக்கும்போது நெல்லுதான்னு சத்தியமே பண்ணலாம். இலை தண்டோடு சேரும் மூட்டைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். நெல்லுக்கு அங்கே மெல்லிய சவ்வும், மயிர் வைத்த சின்னக் காதுகளும் இருக்கும். இந்தப் புல்லுக்கு இரண்டுமே கிடையாது.

இந்த வேஷம் எப்படி வந்தது? சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதிப் புற்களின் மரபணுவை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019-ல் வெளியானது. சுமார் 1,000 வருஷத்துக்கு முன்பே இந்தப் புல் நெல்லைப் போல நிமிர்ந்து வளர ஆரம்பித்துவிட்டதாம். காரணம், கைக்களை. படர்ந்து கிடந்ததும் தண்டு சிவந்ததும் கண்ணில் பட்டுப் பிடுங்கப்பட்டன. நெல்லு மாதிரி நின்றது தப்பித்து விதை உதிர்த்தது. குனிந்து களையெடுத்தவர்களின் கண்ணுக்குப் பயந்தே ஒரு செடி உருவத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது! அவர்கள் பேரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. நாம் சமைக்கிற குதிரைவாலி அரிசியும் இதே குடும்பம்தான். காட்டுப் புல்லாக இருந்த ஒன்றை நம் நாட்டு மக்கள் பயிராக்கினார்கள்.

சேற்றில் நாற்று நட்டுத் தண்ணீர் நிறுத்துவதே பழைய களைக் கட்டுப்பாடு. 1953-ல் அரசு பரப்பிய ஜப்பானிய முறையில் வரிசை நடவும், வரிசைக்கு நடுவே தள்ளும் உருளைக் களைக்கருவியும் வந்தன. 1940-களில் வந்த 2,4-டி என்ற மருந்து அகன்ற இலைக் களையைக் கொன்றது, புல்லை விட்டுவிட்டது. பிறகு புல்லுக்கென்றே புரோப்பனில் வந்தது. ஆனால் அமெரிக்காவின் ஆர்கன்சா வயல்களில் 1990 வாக்கில் அதற்கும் சாகாத புல் தென்பட்டது. கையை ஏமாற்றியது போலவே மருந்தையும் ஏமாற்றிவிட்டது.

மருந்து வந்ததால் முதுகுவலி குறைந்தது, உண்மைதான். கூடவே களையெடுப்புக் கூலி நாட்களும் குறைந்தன. அந்தக் கணக்கை எந்த மருந்து டப்பாவிலும் போடவில்லை.

இப்போதும் இந்தப் புல் நெல் அறுப்புக்கு முன்னாடியே விதையைக் கொட்டிவிடும், ஒரு செடிக்கே ஆயிரக்கணக்கில். அதனால் கதிர் விடும்வரை காத்திருக்காமல், நாற்றங்காலிலேயே மூட்டைப் பார்த்துப் பிடுங்கிவிடுங்கள். தப்பினால் நாற்றுமுடியோடு சேர்ந்து அதுவும் நடவு வயலுக்குப் போய்விடும். நாமே நட்டுக் கொடுத்த கதைதான்.