பழுப்பேறும் கறுப்பு

வாட்டர் வாஷ் கடைகளில் எல்லாம் முடிந்தபின் கடைசியாக நடப்பது டயர் பாலிஷ். பையன் ஒரு ஸ்பாஞ்சை எடுத்து, பாட்டிலைச் சாய்த்து நனைத்து, சக்கரத்துக்கு ஒரு சுற்று என்று தேய்த்துவிடுவான். வண்டி வெளியே வரும்போது டயர் மழையில் நனைந்த கருங்கல் மாதிரி இருக்கும். மூணாம் நாள் பார்த்தால் திட்டுத்திட்டாக இருக்கும். அங்கங்கே டிகாஷன் கறை போல ஒரு பழுப்பு. பாலிஷ் மட்டமான சரக்கு என்று நாம் சொல்லிக்கொள்வோம். அந்தப் பழுப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடப்போய் நான் வேறெங்கோ போய்ச் சேர்ந்தேன். அது ரோட்டு அழுக்கு மட்டும் இல்லை. பெரும்பகுதி டயருக்கு உள்ளேயிருந்து வருவது.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லணும். கறுப்பே டயரின் சொந்த நிறம் கிடையாது. ரப்பர் மரத்தின் பால் வெள்ளை. 1839இல் சார்லஸ் குட்இயர் அந்த ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் வழியைக் கண்டார். 1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் என்கிற கால்நடை மருத்துவர் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து பார்த்து, அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அதன்பிறகு வந்த ஆரம்பகால டயர்கள் வெளிர்நிறத்தில்தான் இருந்தன. உறுதிக்காகச் சேர்த்த துத்தநாக ஆக்ஸைடு அவற்றை இன்னும் வெளுப்பாக்கியது. 1898இல் விளம்பரத்தில் தோன்றிய மிஷ்லின் பொம்மை மனிதன் பிபெண்டம் ஏன் வெள்ளையாக இருக்கிறான் என்று யோசித்திருக்கிறீர்களா? அவன் டயர்களை அடுக்கிச் செய்த ஆள். அன்றைய டயர் அந்த நிறம். டயர் கறுத்துவிட்டது, அவன் மட்டும் அப்படியே நின்றுவிட்டான்.

கறுப்பு வந்தது கரிப்புகையிலிருந்து. லண்டனின் கிழக்கே, தேம்ஸ் கரையில் சில்வர்டவுன் என்று ஓர் இடம். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை செய்த ரப்பர் தொழிற்சாலை அங்கே இருந்தது. அங்கே வேலை செய்த எஸ். சி. மோட் என்பவரும் அவருடைய சகாக்களும் 1904இல் கார்பன் பிளாக் சேர்த்த ரப்பர் பலமடங்கு உறுதியாவதைக் கண்டார்கள். பெயர்தான் பெரிசு, சமாச்சாரம் நம் விளக்குக்கரிக்குச் சொந்தக்காரன். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கரித்துகள்கள் ரப்பரின் நீண்ட இழைகளைப் பிடித்துக்கொள்கின்றன. கிழிசலும் தேய்மானமும் குறைகின்றன. கூடவே வெயிலின் புற ஊதாக் கதிரையும் கரி விழுங்கிக்கொள்கிறது. 1910களில் அமெரிக்க குட்ரிச் கம்பெனி இந்த வழிக்கு வந்தது. அவர்களுக்குக் கரி விற்றது பின்னி அண்ட் ஸ்மித். குழந்தைகளின் கிரேயோலா கிரேயான் செய்த அதே கம்பெனி!

ஆரம்பத்தில் தரையில் படும் பகுதிக்கு மட்டும், அதாவது நம் மெக்கானிக்குகள் 'பட்டன்' என்று சொல்கிற பகுதிக்கு மட்டும், கரி சேர்த்ததும் உண்டு. பக்கச்சுவர் வெள்ளையாகவே இருந்தது. பழைய சினிமாக்களில் பணக்கார அப்பா வந்து இறங்கும் காரின் வெள்ளை வளைய டயருக்கு மூதாதை அதுதான்.

தொழில்நுட்ப வரலாறுகள் பெரும்பாலும் இந்தக் கரியோடு கதையை முடித்துவிடுகின்றன. எனக்கு அது போதவில்லை. சில்வர்டவுனில் அந்தச் சோதனை நடந்த அதே 1904இல்தான் ரோஜர் கேஸ்மென்ட்டின் காங்கோ அறிக்கை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வந்தது. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்கள் ரப்பருக்காக அங்கே கிராமம் கிராமமாக ஆட்களைப் பிணை பிடித்ததும், சுட்டதும், கைகளை வெட்டியதும் அதில் பதிவாகியிருக்கின்றன. டயரை எப்படி உறுதியாக்குவது என்று ஒரு மேசையில் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த ரப்பர் எப்படி வந்தது என்பது இன்னொரு மேசையில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

காட்டு ரப்பரின் காலம் அதற்குப் பிறகு அதிகநாள் நீடிக்கவில்லை. காரணம் கருணை மட்டும் இல்லை. தோட்ட ரப்பர் மலிவு. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை 3,000கூட இல்லை. அந்தக் கன்றுகள் இலங்கைக்குப் போயின. மறுவருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூர் போயின. அங்கே தாவரவியல் தோட்டத்தைக் கவனித்த ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் நாள்கணக்கில் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். தோட்ட முதலாளிகளிடம் போய்ப்போய் ரப்பர் நடச் சொன்னதால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர்.

மரம் இருந்தது, ஆள்? ஆள் நம்மூரிலிருந்து போனார்கள். முதலில் ஒப்பந்தக் கூலியாக. 1910இல் அது நிறுத்தப்பட்டபின் கங்காணி வழியாக. மலேயாத் தமிழர் ரப்பர் மரத்துக்கு வைத்த பெயர் பால்மரம். எவ்வளவு அழகான பெயர்! ஆனால் அந்தப் பால் வெயில் ஏறினால் வடியாது. அதனால் விடியும் முன்பே, விளக்கு வெளிச்சத்தில், பனி ஈரத்திலும் கொசுவிலும் மரம் மரமாகப் போய் வெட்டணும். பட்டையை மெல்லிசாகச் சீவணும். ஆழம் கொஞ்சம் கூடினால் மரத்துக்குக் காயம், அதற்கு ஏச்சு வேறு. பிறகு கோப்பை கோப்பையாகச் சேர்த்து வாளியில் சுமந்துவந்து நிறுக்க வேண்டும். அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் தட்டையாக்கி, புகையில் காயவைத்தால் வெள்ளைப்பால் பழுப்புத் தகடாகும். வெட்டிய வடுவில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பாலைக்கூட உரித்தெடுப்பார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்ததும், பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். டயரின் கறுப்புக்குள் இந்த வெள்ளையும் இந்தப் பழுப்பும் இருக்கின்றன. கரி போட்டபின் எதுவும் தெரியாது, அவ்வளவுதான்.

சரி, வாட்டர் வாஷ் பழுப்புக்கு வருவோம். கரி வெயிலைத் தாங்கும். காற்றில் இருக்கும் ஓசோனை அதனால் தடுக்க முடியாது. ஓசோன் ரப்பர் இழைகளை அறுத்து, பக்கச்சுவரில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். அதைத் தடுக்க டயருக்குள் சில வேதிப்பொருள்களைக் கலக்கிறார்கள். அதில் முக்கியமானது 6பிபிடி. அது ஓரிடத்தில் அடங்கி நிற்காது. மெல்ல மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்துவந்து, ரப்பருக்கு முந்தி ஓசோனிடம் தான் மாட்டிக்கொள்ளும். அந்தச் சண்டையில் மிச்சமாவதுதான் பழுப்பு. அதாவது, பழுத்திருக்கும் டயர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் டயர்.

நாம் அதற்குமேல் பளபளப்பைப் பூசுகிறோம். இன்றைய பாலிஷ்களில் பெரும்பாலும் இருப்பது சிலிக்கோன். ஒன்று தண்ணீரில் கலந்தது, பால் போல இருக்கும். இன்னொன்று பெட்ரோலியக் கரைப்பானில் கலந்தது, எண்ணெய் போல, கண்ணாடி மினுக்கம் தரும். பெட்ரோலியத்தில் ரப்பர் ஊறிப் பருப்பது தெரிந்த விஷயம் என்பதால் என் ஓட்டு முதலாவதுக்கு.

ஒரே சீராக வராததற்குக் காரணம் பெரும்பாலும் பாட்டில் இல்லை, அவசரம். பழுப்பும் பழைய பாலிஷும் படிந்த டயரின்மேல் புதுசு பிடிக்காது. முதலில் சோப்பு நீர் விட்டு பிரஷ்ஷால் தேய்க்கணும்; நுரை டீ நிறத்தில் வரும். நுரை வெள்ளையாக வரும்வரை தேய்க்கணும். அப்புறம் நன்றாகக் காயவேண்டும். எழுத்துகளின் இடுக்கில் ஈரம் நின்றால் அங்கேதான் திட்டு விழும். பாலிஷை டயர்மேல் பீய்ச்சாமல் ஸ்பாஞ்சில் எடுத்து மெல்லிசாகப் பூசணும், இடுக்குகளுக்குச் சின்ன பிரஷ். மேல்பாதி மட்கார்டுக்குள் மறைந்திருந்தால் வண்டியை அரைச்சுற்று உருட்டிவிட்டு மிச்சத்தைப் பூசலாம். பத்து, பதினைந்து நிமிஷம் விட்டு உலர்ந்த துணியால் மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். துடைக்காத மிகுதி, சக்கரம் சுற்றும் வேகத்தில் பெயிண்டின்மேல் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். பட்டன் பக்கம் மட்டும் பூசவே கூடாது, பிரேக் பிடிக்கும்போது வழுக்கும்.

கழுவிய அந்த டீ நிற நீர் எங்கே போகிறது என்பது சமீபத்திய கேள்வி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மழை பெய்ததும் நகர ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்து மிதந்தன. வருஷக்கணக்கில் காரணம் பிடிபடவில்லை. 2020 டிசம்பரில் வெளியான ஆய்வு கைகாட்டியது டயரை. ரோட்டில் தேய்ந்து உதிரும் துகள்களில் இருக்கும் 6பிபிடி ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குயினோனாக மாறி மழைநீரில் கலந்துவிடுகிறது. டயரை வெடிக்காமல் காக்கும் அதே சண்டையில் பிறந்த பொருள். மிகக் குறைந்த அளவே அந்த மீனுக்குப் போதும். 2023இல் கலிஃபோர்னியா, 6பிபிடி கலந்த வாகன டயர்களை முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்து, மாற்றுப்பொருளை ஆராயும்படி டயர் கம்பெனிகளைக் கேட்டது. மாற்றாக வருவதும் கசிந்து மேலே வந்தாக வேண்டும், ஓசோனுக்குத் தன்னைக் கொடுத்தாக வேண்டும், டயரையும் பல வருஷம் காப்பாற்ற வேண்டும், மீனையும் கொல்லக் கூடாது. அதைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.