வரிப்பணத்தால் பிழைத்த வங்கிகளும் போனஸ் பாத்தியதையும்

நஷ்டத்தில் மூழ்கி, சர்க்கார் பொக்கிஷத்துப் பணத்தால் கரையேறிய ஒரு வங்கியின் உத்தியோகஸ்தர்கள் அதே ஆண்டுக்குப் போனஸ் பெறலாமா என்னும் விவாதம் 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெருஞ்சூட்டுடன் நடந்தது. அவ்விவாதத்தின் காரணத்தை அந்த ஆண்டின் ஆத்திரத்தில் தேடுவதைவிட, லாபத்தில் ஒரு பாகமாகப் பிறந்த போனஸ், லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்தே தீரவேண்டிய பாத்தியதையாக மாறிய நெடிய சரித்திரத்தில் தேடுவதே பொருந்தும் என்பது இக்கட்டுரையாசிரியரின் அபிப்பிராயம்.

வால் ஸ்டிரீட்டின் பழைய முதலீட்டு ஸ்தாபனங்கள் பெரும்பாலும் கூட்டு வியாபாரமாக நடந்தவை. வருஷ முடிவில் கிடைத்த லாபத்தைக் கூட்டாளிகள் பகிர்ந்துகொண்டனர். நஷ்டம் நேர்ந்தாலோ, அவர்களுடைய சொந்த ஆஸ்தியே கடன்காரர்களுக்கு ஈடாக நின்றது. நியூயார்க் பங்குச் சந்தை 1970ல் தன் அங்கத்தினர்களான கம்பெனிகள் பொதுஜனங்களுக்குப் பங்கு விற்கலாம் என்று அனுமதித்தது. கடைசிவரை கூட்டு வியாபாரமாகவே இருந்த பெரிய ஸ்தாபனமான கோல்ட்மன் ஸாக்ஸும் 1999ல் அவ்வழியே சென்றது. அன்றுமுதல் நஷ்டத்தின் பாரம் முகமறியாப் பங்குதாரர்களைச் சேர்ந்தது. வருமானத்தில் ஏறக்குறைய பாதியை உள்ளிருப்போர் எடுத்துக்கொள்ளும் பழைய வழக்கமோ அப்படியே நிலைத்தது. பிற்காலத்து விபரீதங்கள் பலவற்றுக்கும் இந்த ஒருதலைப்பட்சமான மாறுதலே வித்து என்று கூறலாம்.

வங்கித் தலைவர்களின் ஊதியம் பற்றிய இத்தகைய விவாதத்துக்கு முன்னோடி இல்லாமலில்லை. 1933ல் அமெரிக்க செனட் சபையின் விசாரணையில் வழக்கறிஞர் பெர்டினாண்டு பெகோரா, நாஷனல் சிட்டி வங்கியின் தலைவர் சார்லஸ் மிட்சல் சம்பளத்துக்கு மேல் தனி நிதியொன்றிலிருந்து பெற்ற பெருந்தொகைகளை வெளிப்படுத்தினார். மிட்சல் சில நாட்களிலேயே பதவி துறந்தார். அக்காலத்தில் தடுமாறிய வங்கிகளுக்கும் ரயில்வேக்களுக்கும் சர்க்கார் கடன் வழங்கிய புனரமைப்பு நிதி ஸ்தாபனத்தின் தலைவர் ஜெஸ்ஸி ஜோன்ஸ், கடன் கேட்டு வந்தவர்களிடம் முதலில் மேலதிகாரிகளின் சம்பளத்தைக் குறைத்துவரச் சொல்லும் இயல்பினர். இந்த முறையை எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் ஒருவரும் உரிய சமயத்தில் நினைக்கவில்லை.

2008 செப்டம்பர் 16ஆம் தேதி அமெரிக்க மத்திய வங்கி ஏ.ஐ.ஜி. நிறுவனத்துக்கு 8,500 கோடி டாலர் கடன் வசதியளித்து, அதன் பங்குரிமையில் 79.9 சதவீதத்தைச் சர்க்காருக்கு வாங்கிக்கொண்டது. ஏ.ஐ.ஜி. இன்ஷூரன்ஸ் கம்பெனியே அன்றி வங்கியன்று. ஆயினும் அதை வீழ்த்தியது இன்ஷூரன்ஸ் தொழிலன்று. பிறருடைய கடன்கள் திரும்பாவிட்டால் தான் ஈடு செய்வதாக வாக்களித்த ஒப்பந்தங்களை, லண்டனிலும் கனெக்டிகட் மாநிலத்து வில்டனிலும் சில நூறு பேரைக் கொண்டு இயங்கிய அதன் நிதிச் சரக்குப் பிரிவு ஏராளமாக விற்றிருந்தது. உதவியின் மொத்த அளவு பின்னர் சுமார் 18,200 கோடி டாலராக வளர்ந்தது. அந்நிலையில் 2009 மார்ச் மத்தியில், அப்பிரிவின் ஊழியர்களுக்கு 16.5 கோடி டாலர் வழங்கப்பட்ட செய்தி வெளியாயிற்று.

இத்தொகை அவ்வாண்டு வேலைத்திறனுக்கு அளித்த சன்மானமன்று; உத்தியோகத்தை விட்டுப் போகாமலிருக்கும்பொருட்டு 2008ன் தொடக்கத்திலேயே எழுதிக்கொடுத்த உறுதி. வருஷத்துக்கு 1 டாலர் சம்பளத்தில் தலைமை ஏற்றிருந்த எட்வர்ட் லிட்டி இவ்வேற்பாட்டைத் தாம் விரும்பவில்லை என்றே எழுதினார். ஆயினும் ஒப்பந்தத்தை மீறினால் கனெக்டிகட்டின் கூலிச் சட்டப்படி அதிகமாகக் கொடுக்க நேரும் என்றும், சிக்கலான கணக்குகளைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவர்கள் போய்விட்டால் வரிகொடுப்போருக்கே நஷ்டம் என்றும் வாதித்தார். இரண்டாவது வாதத்தில் சத்தியம் உண்டு. தங்கியிருந்தவர்களிற் பலர் அந்தப் பாழான ஒப்பந்தங்களில் கையிட்டவர்களும் அல்லர். ஆனால் 10 லட்சம் டாலரும் அதற்கு மேலும் பெற்ற 73 பேரில் 11 பேர் ஏற்கெனவே வேலையைவிட்டுப் போய்விட்டிருந்தனர் என்று நியூயார்க் அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ கியூமோ வெளியிட்டபோது, தங்கவைப்பதற்காகக் கொடுத்தது என்ற சமாதானம் நகைப்புக்கிடமாயிற்று. மார்ச் 19ல் பிரதிநிதிகள் சபை, பெருந்தொகை உதவி பெற்ற நிறுவனங்களின் இத்தகைய போனஸுக்கு 90 சதவீத வரி விதிக்கும் மசோதாவை 328க்கு 93 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது; செனட் அதை எடுத்துக்கொள்ளவேயில்லை. ஒரு மாதம் முன்னர் இதே காங்கிரஸ் இயற்றிய சட்டம்தான், பிப்ரவரி 11க்கு முற்பட்ட போனஸ் ஒப்பந்தங்களுக்கு விலக்களித்திருந்தது.

ஒப்பந்தம் புனிதமானது என்ற தத்துவம் எல்லோரிடத்தும் ஒரேமாதிரி அனுஷ்டிக்கப்பட்டதா என்பதே இங்கு ஆராய வேண்டிய விஷயம். ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் தொழிலாளிகளின் சங்கம் செய்திருந்த கூலி ஒப்பந்தம், சர்க்கார் கடனுக்கு நிபந்தனையாகத் திரும்பத் திறக்கப்பட்டது; விலைவாசிப் படியையும் போனஸையும் அவர்கள் இழந்தனர். மறுபுறம், ஏ.ஐ.ஜி.யுடன் ஒப்பந்தம் செய்திருந்த பெரிய வங்கிகள் சர்க்கார் பணத்தால் முழு மதிப்பையும் பெற்றன. கோல்ட்மனுக்குச் சென்றது மட்டும் 1,290 கோடி டாலர் என்ற விவரமும் போனஸ் செய்தி பரவிய அதே வார இறுதியில்தான் வெளியாயிற்று. இதனோடு ஒப்பிட 16.5 கோடி அற்பத்தொகை. ஆயினும் ஜனங்களின் கோபம் முழுவதும் அச்சிறிய தொகையின்மீதே பாய்ந்தது. பெரிய தொகை ஓசையின்றிக் கடந்து சென்றது.

பிரிட்டனில் விவாதத்தின் போக்கு வேறு. ராயல் பாங்க் ஆப் ஸ்காட்லாந்து 2008ல் 2,410 கோடி பவுன் நஷ்டம் காட்டியது. சர்க்கார் அதில் இட்ட மூலதனம் 4,550 கோடி பவுன். விலகிய தலைவர் பிரெட் குட்வினின் வருஷ ஓய்வூதியம் 7,03,000 பவுன் என்றறிந்து நாடே கொதித்தது. அவர் பின்னர் அதைப் பாதியளவுக்குக் குறைத்துக்கொண்டார். அவ்வங்கி 2009லும் 360 கோடி பவுன் நஷ்டமடைந்து, 130 கோடி பவுன் போனஸுக்கென ஒதுக்கியது. கிளைகளின் கவுண்டரில் அமர்ந்து சொற்பச் சம்பளம் வாங்கியவரையும் முதலீட்டுப் பிரிவின் வியாபாரியையும் பத்திரிகைகள் ஒரே சொல்லால் சுட்டியது அநீதி; இத்தொகையில் மிகப்பெரும் பங்கு பின்னவர்களுக்கே உரியது.

நிதி மந்திரி அலிஸ்டர் டார்லிங் 2009 டிசம்பரில், 25,000 பவுனுக்கு மேற்பட்ட போனஸ்மீது வங்கிகளே 50 சதவீத வரி செலுத்த வேண்டும் என்றார். வங்கிகள் வரியையும் செலுத்தின, போனஸையும் கொடுத்தன. ஐரோப்பிய யூனியன் 2014 முதல் போனஸ் நிலையான சம்பளத்தை மிஞ்சக்கூடாது என்றும், பங்குதாரர்கள் சம்மதித்தால் இருமடங்குவரை போகலாம் என்றும் விதித்தது. வங்கிகள் நிலையான சம்பளத்தையே உயர்த்தின. நஷ்ட காலத்திலும் குறைக்கவியலாத செலவு இதனால் பெருகியது. யூனியனைவிட்டு வெளியேறிய பிரிட்டன் 2023 அக்டோபர் 31ல் அவ்வரம்பை ரத்து செய்தபோது, நாட்வெஸ்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்த அதே வங்கியில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் சர்க்காரிடமே இருந்தது. 2025 மே 30ல் கடைசிப் பங்கும் விற்றுத் தீர்ந்தது. போட்ட மூலதனத்தில் சுமார் 1,050 கோடி பவுன் திரும்பவில்லை.