நாகூர்க் கந்தூரியும் காவிரிப் படுகையின் திருவிழா மரபும்

நாகப்பட்டினத்துக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த நாகூர் தர்காவைப் பற்றி எழுதியோருள் பலர், அங்கு நிகழும் கொடியேற்றம், ஊர்வலம், முடியிறக்குதல், சந்தனம் பூசுதல் ஆகியவற்றைச் சுட்டி, மதம் மாறிய மக்கள் தம் பழைய வழக்கங்களைக் கைவிடாததன் விளைவே இவை என்று முடித்துவிடுவர். இவ்விளக்கம் கேட்பதற்கு எளிது. ஆனால் சான்றுகளோடு பொருந்துவதன்று. தர்காவைத் தாங்கிய தமிழ் முஸ்லிம் வணிகர்களான மரக்காயர்கள் அரபு வணிகத் தொடர்பில் நெடுங்காலம் ஊறியவர்கள். இசுலாமியச் சட்ட மரபுகளுள் ஒன்றான ஷாபி மரபை வழுவாது பின்பற்றியவர்கள். நிலமும் மினாராவும் அளித்த அரசர்களோ இசுலாத்தைத் தழுவாத நாயக்கரும் மராத்தியரும் ஆவர். ஆகவே நாகூரின் சடங்குகள் எவ்வாறு உருப்பெற்றன என்னும் வினாவுக்கு விடையைப் படுகையின் அரசியலிலும் நிலக்கொடையிலும் கப்பல் வணிகத்திலும் தேடுவதே பொருத்தமாகும்.

தர்காவில் அடக்கமாகியுள்ள ஷாகுல் ஹமீது வலியுல்லா, வடநாட்டு மாணிக்கப்பூரில் பிறந்து, குவாலியரில் வாழ்ந்த முகம்மது கௌஸ் என்னும் ஞானியிடம் பயின்று, மக்கா உள்ளிட்ட பல இடங்களுக்குப் பயணம் செய்து, சீடர்களுடன் சோழமண்டலக் கரையை அடைந்து நாகூரில் தங்கினார் என்றும், ஹிஜ்ரி 978இல், அதாவது 1570ஆம் ஆண்டளவில், அங்கேயே மறைந்தார் என்றும் மரபு கூறும். அவரைக் காதிரிய்யா தரீக்காவோடு இணைத்துக் 'காதிர் வலி' என அழைப்பது வழக்கம். தரீக்கா என்பது ஒரு குருவிடமிருந்து சீடருக்குத் தொடர்ந்து வரும் ஞானநெறி; காதிரிய்யா, பாக்தாதில் 1166இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானியின் பெயரால் அமைந்தது. மணம் செய்துகொள்ளாத நாகூர் வலியுல்லா மகனாக ஏற்று வளர்த்த யூசுபின் வழிவந்தோரே தர்காவின் பரம்பரை உரிமையாளர்கள்.

நாயக்க அரசுக்கும் நாகூருக்கும் ஏற்பட்ட தொடர்பை ஒரு புறாவின் கதை விளக்குகிறது. தஞ்சை அச்சுதப்ப நாயக்கர் தீராத நோயால் வருந்தியபோது, அரண்மனையின் மேற்பகுதியில் ஊசிகள் குத்தப்பட்ட புறா ஒன்று சூனியமாக வைக்கப்பட்டிருப்பதை அறிந்த வலியுல்லா, அதனைக் கொணரச் செய்து ஊசிகளை ஒவ்வொன்றாக நீக்க, அரசரின் வலியும் படிப்படியாக நீங்கியது என்பதும், நன்றிக்கடனாக அரசர் நிலம் வழங்கினார் என்பதும் அக்கதை. தர்காவில் புறா விடும் நேர்த்திக்கடனுக்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. அச்சுதப்பரின் தந்தை செவ்வப்ப நாயக்கரின் ஆட்சி வலியுல்லாவின் மறைவுக்குப் பின்னும் நீடித்ததாதலால், அச்சுதப்பரை அக்காலத்தில் தந்தையோடு ஆட்சியில் பங்குபெற்றவராகக் கொள்வதே பொருந்தும். கதையின் மெய்ம்மையைக் காட்டிலும் அதன் கட்டமைப்பே ஆய்வுக்கு உரியது. அரசனின் நோயைத் தீர்த்த அருளாளருக்கு நிலம் விடுவது என்பது காவிரிக்கரைக் கோயில்களின் தலபுராணங்களில் மீண்டும் மீண்டும் வரும் செய்தியாகும். திருவரங்கத்துக்கு வாரி வழங்கிய ஓர் அரசர் நாகூருக்கும் நிலம் அளித்ததைச் சமகாலத்தார் முரணாகக் கருதியிருக்க இடமில்லை.

கடலிலிருந்து வந்த ஆதரவுக்கும் ஒரு கதை உண்டு. நடுக்கடலில் ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த டச்சுக் கப்பலின் தலைவர் வேண்டிக்கொண்டபோது, சவரம் செய்துகொண்டிருந்த வலியுல்லா கையிலிருந்த கண்ணாடியை வீசி எறிய, அது சென்று ஓட்டையை அடைத்தது என்பர். டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியது 1658இல். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியதே 1602இல்தான். எனவே இக்கதை, இப்போதைய வடிவில், வலியுல்லா மறைந்து பல்லாண்டுகள் கழித்து, கடலோடும் வணிகர்களிடையே உருவாகியிருக்க வேண்டும். கப்பல் கரை சேர வேண்டிக்கொள்வோர் கப்பல் உருவம் பொறித்த வெள்ளித் தகட்டையும், கால்வலி தீர வேண்டுவோர் கால் உருவத் தகட்டையும், வீடு வேண்டுவோர் வீட்டின் உருவத்தையும் காணிக்கையாக்கும் வழக்கம் இந்நம்பிக்கையோடு சேர்த்து நோக்கத்தக்கது.

தஞ்சை மராத்தியர் காலத்தில் தர்கா இன்றைய தோற்றத்தை அடைந்தது. 1739 முதல் 1763 வரை ஆண்ட பிரதாபசிங், ஏற்கெனவே இருந்த நான்கு மினாராக்களினும் உயரமாக, 131 அடி கொண்ட பெரிய மினாராவைக் கட்டுவித்தார். அவருக்குப் பின் வந்த துளசா விளைநிலங்களை மானியமாக வழங்கினார். கோபுரம் எழுப்புவதும் நிலம் விடுவதும் படுகையில் அரசுரிமையின் அடையாளங்கள் என்பதை நினைவிற்கொண்டால், மகாராட்டிரத்திலிருந்து வந்து ஆண்ட ஒரு மரபினர் இவ்விரண்டையும் நாகூரில் செய்ததன் பொருள் விளங்கும்.

இப்பின்னணியில்தான் கந்தூரியை ஆராய வேண்டும். கந்தூரி என்பது ஓர் இறைநேசரின் நினைவு நாளில் எடுக்கும் விழா. அன்னம் வழங்குதல் அதன் அடிப்படை. நாகூரில் இது ஜமாதுல் ஆகிர் மாதத்தில் பதினான்கு நாள் நிகழும். முதல் நாள் நாகப்பட்டினத்திலிருந்து கொடிகள் கப்பல் வடிவ ரதங்களிலும் பல்லக்குகளிலும் புறப்பட்டு, வழிநெடுகிலும் மக்கள் பூச்சொரிய, நாகூர் வந்து, இரவில் ஐந்து மினாராக்களிலும் ஏற்றப்படும். அவ்வூர்வலத்தில் செல்லும் பல்லக்குகளுள் ஒன்றுக்குச் 'செட்டிப் பல்லக்கு' என்றே பெயர். சாம்பிராணிச் சட்டி ரதமும், நகரா என்னும் பெருமுரசு வைத்த மேடையும் உடன் செல்லும். பீர் எனப்படும் பக்கீர் ஒருவர் நோன்பிருந்து, பின்னர் கடற்கரைக்குச் சென்று எலுமிச்சம்பழம் எறிவதும், அதைப் பிடிக்கக் கூட்டம் முண்டுவதும் உண்டு. பத்தாம் இரவில் நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு வந்துசேர, விடியலுக்கு முன் அடக்கத்தலத்தின்மீது சந்தனம் பூசப்படும்; எஞ்சியதைப் பெறுவதற்குச் சாதி சமயம் பாராமல் மக்கள் காத்திருப்பர்.

இவற்றின் வடிவம் கோயில் திருவிழாவினது என்பதில் ஐயமில்லை. ஆனால் உள்ளே ஓதப்படுவது குர்ஆனின் தொடக்க அத்தியாயமாகிய பாத்திஹாவும், நபிகளின் புகழ்பாடும் அரபு மவ்லிதுமே. வலியுல்லாவுக்கு உருவம் இல்லை, உற்சவமூர்த்தி இல்லை. ரதத்தில் அமர்ந்து வருவது கொடியும் சந்தனமும்தான். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29இல் கொடியேற்றத்தோடு தொடங்கும் மாதா திருவிழாவிலும் தேர் பவனி உண்டு. கொடி, தேர், நேர்த்திக்கடன் ஆகிய மூன்றும் படுகையில் எந்த ஒரு சமயத்துக்கும் தனியுடைமையாக இருக்கவில்லை. ஒரு பெரியவருக்கு ஊர் கூடி மரியாதை செய்யும் முறையாக அவை பொதுவில் இருந்தன. செல்வாக்கு ஒரு திசையில் மட்டும் பாயவுமில்லை. தஞ்சாவூரை அடுத்த காசவளநாடு புதூரில் இந்துக்களே முகர்ரம் பண்டிகை எடுத்து, கை வடிவிலான பஞ்சாவை 'அல்லா சாமி' என வீடுவீடாக எழுந்தருளச் செய்து, தீமிதித்து வருகின்றனர்.

இலக்கியத்திலும் இதே போக்கைக் காணலாம். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டை வயலும் வாய்க்காலும் நிறைந்த மருதமாகப் பாடியது பலரும் அறிந்தது. சேகனாப் புலவர் திருக்காரணப் புராணத்தில் நாகூர் வலியுல்லாவையே காப்பியத் தலைவராக்கினார். நாகூர் குலாம் காதிறு நாவலர் புராணம், கலம்பகம் ஆகிய தமிழ் வடிவங்களில் அவரைப் பாடினார். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இந்த வழிபாட்டைக் கடல் கடந்தும் கொண்டு சென்றனர். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828-1830இல் எழுந்த நாகூர் தர்காவும், பினாங்கிலும் இலங்கைக் கல்முனையிலும் உள்ள நினைவிடங்களும் உடல் அடக்கமாகாத இடங்களில் நினைவுக்காக எழுப்பப்பட்டவை.

எதிர்ப்பும் படுகைக்குள்ளிருந்தே கிளம்பியது. குடந்தை வட்டார நாச்சியார்கோயிலைச் சார்ந்த பா. தாவூத்ஷா (1885-1969), தம் 'தாருல் இஸ்லாம்' இதழில் தர்கா வழிபாட்டையும் கந்தூரிச் செலவையும் கடுமையாகச் சாடினார். அவரே, வெள்ளிக்கிழமைப் பேருரையாகிய குத்பாவைத் தமிழில் நிகழ்த்த வேண்டும் என்றும் குர்ஆனைத் தமிழில் தரவேண்டும் என்றும் வாதாடினார். சடங்கில் வட்டார வழக்கை மறுத்தவர் மொழியில் அதனைப் பள்ளிவாசலின் மேடைவரை ஏற்ற முயன்றார் என்பது, உள்ளூர்ப் பண்பாட்டின் தாக்கத்தைத் தர்காக்களில் மட்டும் தேடும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் தவறவிடும் செய்தி. 1980களுக்குப் பின் வலுப்பெற்ற, ஓரிறைக் கொள்கையை வலியுறுத்தும் தவ்ஹீது இயக்கங்கள் தர்கா எதிர்ப்பை மேலும் கூர்மையாக்கின. அவற்றின் மேடைகளில் ஒலித்ததும் தமிழே. கந்தூரி நின்றுவிடவில்லை, ஆனால் அதனை ஏற்பதா மறுப்பதா என்பது படுகையின் முஸ்லிம் ஊர்களில் ஜமாஅத்துகளைப் பிரிக்கும் கேள்வியாயிற்று.

நாகூர் பற்றிய ஆய்வுகள் இதுகாறும் கராமத்துகள் எனப்படும் அற்புதச் செயல்களையும் விழா வருணனைகளையுமே பெரிதும் சார்ந்திருக்கின்றன. தஞ்சை மராத்திய அரசின் அன்றாடக் கணக்குகளைக் கொண்ட மோடி எழுத்து ஆவணங்களின் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டுள்ளது. கோயிலுக்கும் சத்திரத்துக்கும் தர்காவுக்கும் ஓர் அரசு எந்தெந்தத் தலைப்பில் எவ்வளவு செலவிட்டது என்பதை அவ்வகை ஆவணங்களில் ஒப்பிட்டுப் பார்க்கும் பணியை இளம் ஆய்வாளர்கள் மேற்கொள்ள வேண்டும்.