1987க்கு முன்பே எழுதப்பட்ட பாடம்

‘நிலைபேறான அபிவிருத்தி’ என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் உடனே “1987, புரூண்ட்லாண்ட் அறிக்கை” என்கிறார்கள். நாமும் கலாசாலையில் அப்படித்தான் படித்தோம். அப்படியே படிப்பித்தும் வந்தோம். ஆனால் கதை ஏழு வருடங்கள் முந்தியது.

1980 மார்ச்சில் ‘உலகப் பாதுகாப்பு உபாயம்’ வெளியானது. அதைத் தயாரித்தது இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம். 1948இல் பிரான்சில் தொடங்கப்பட்ட இந்த ஒன்றியத்தில் அரசுகளும் தொண்டர் அமைப்புகளும் ஒன்றாக அங்கம் வகிக்கின்றன. உலக வனசீவராசிகள் நிதியமும் ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டமும் துணை நின்றன.

அதன் இலக்குகள் மூன்று: உயிர்களைத் தாங்கும் இயற்கைச் செயன்முறைகளைப் பேணல், மரபணுப் பல்வகைமையைக் காத்தல், இனங்களையும் சூழற்றொகுதிகளையும் அழியாத அளவில் பயன்படுத்தல். காட்டுக்கு வேலி போட்டால் போதும் என்ற பழைய எண்ணத்தை விட்டு, அபிவிருத்தித் திட்டத்துக்குள்ளேயே பாதுகாப்பைச் சேருங்கள் என்று அரசுகளிடம் கேட்டது அது.

குறையும் இருந்தது. வறுமை, ஏற்றத்தாழ்வு பற்றி அது போதியளவு பேசவில்லை என்று விமர்சித்தார்கள். விறகைத் தவிர வேறு எரிபொருள் இல்லாதவரிடம் மரத்தை வெட்டாதே என்று மட்டும் சொல்லி என்ன பயன்? அந்த மனிதரை நடுவில் வைத்துப் பேசியது புரூண்ட்லாண்ட் அறிக்கை. 1992இல் ரியோ மாநாட்டின் ‘நிகழ்ச்சிநிரல் 21’, நாடுகள் தத்தமது தேசிய உபாயத்தை வகுக்க வேண்டும் என்றது.

அமைப்புகளால் உபாயத்தை எழுதிக்கொடுக்க முடியும். சட்டமாக்குவதும் நிதி ஒதுக்குவதும் அரசின் கையில். அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம். அடுத்த தவணை இந்தப் பாடம் வரும்போது 1980ஐயும் சேர்த்தே படிப்பிப்போம்.