லிங்கா சுல்தானின் உறவுப் பயணங்கள்

சிங்கப்பூருக்குத் தெற்கே, நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கிறது லிங்காத் தீவு. கி.பி. 1787-இல் ஜொகூர் அரசின் சுல்தான் மூன்றாம் மகமூது தம் இருப்பிடத்தை ரியாவிலிருந்து இத்தீவுக்கு மாற்றினார். அந்நாளில் ஜொகூர், பகாங், ரியாவ், லிங்கா யாவும் ஒரே ஆட்சிக்கு உட்பட்டவை. பெண்டகாரா பகாங்கிலும், தெமெங்கோங் ஜொகூர்ப் பக்கத்துத் தீவுகளிலும் இருந்து சுல்தானின் பெயரால் ஆண்டனர். திரெங்கானு தனியரசாயினும் பெண் கொண்டும் கொடுத்தும் இவர்களோடு பிணைந்திருந்தது. ஆகவே லிங்கா அரண்மனையாருக்குக் கடல் உறவினர் வீடுகளுக்கு இடையே கிடக்கும் தெருவைப் போன்றது.

இத்தெருவில் நினைத்தபோதெல்லாம் நடமாட முடியாது. நவம்பர் தொடங்கி மார்ச்சு வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையின் ஆற்று முகங்களை அடைத்துவிடும். தென்மேற்குக் காற்று எழுந்த பின்னரே பாய் விரிப்பர். நீரோட்டம், திட்டு, மறைபாறை எல்லாம் அறிந்த கடல் மக்களான ஓராங் லாவுத் வழிகாட்டித் துடுப்பும் வலிப்பர். தியோமான் தீவில் குடிநீர் எடுத்துக்கொண்டு, பகாங் ஆற்றுமுகம், குவாந்தான், கெமாமான் எனக் கரையோரமாகவே வடக்கே செல்வர். காற்றை நம்பிப் போன விருந்தாளி காற்று மாறும் வரை தங்கத்தானே வேண்டும்? போகும் பயணமும் தங்கும் விருந்துமாக மாதங்கள் பல கழியும்.

சுல்தான் அப்துல் ரகுமான் தம் மகன் முகமதுவின் திருமணத்தை முன்னிட்டுத் திரெங்கானு சென்றது இத்தகைய பயணமே. மணமகள் திரெங்கானு அரசர் மகள். சுல்தான் அங்கே இருக்கையில், 1822-இல், டச்சுக்காரர் பெஞெங்காட் தீவில் எங்கு புத்திரி அமீதாவிடமிருந்து அரசச் சின்னங்களைப் பறித்தனர். அத்திருமணத்தில் பிறந்த பிள்ளையே பின்னாளில் பயணத்தாலேயே அரசிழந்த மகமூது முசாபர் ஷா.

இதற்கிடையே 1824 மார்ச்சு 17-இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் இலண்டனில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். சிங்கப்பூர் நீரிணைக்குத் தெற்கேயுள்ள தீவுகள் டச்சுக்காரர் பங்கு. சிங்கப்பூரும் வடக்கேயுள்ள தீபகற்பமும் ஆங்கிலேயர் பங்கு. ஒரு தந்தைக்குப் பிறந்த சுல்தான் உசேன் கோட்டுக்கு வடக்கேயும், அவர் தம்பி அப்துல் ரகுமான் தெற்கேயும் ஆயினர். உடன்பிறந்தாரை யாரும் கேட்கவில்லை.

1841-இல் அரசேறிய மகமூது இக்கோட்டைப் பொருட்படுத்தவில்லை. சிங்கப்பூருக்கு அடிக்கடி வந்தார். அங்குள்ள பார்சி வணிகரோடு நட்புக் கொண்டார். திரெங்கானுவில் அவர் தாய்மாமன் பாகிண்டா ஓமார் ஆண்டுகொண்டிருந்தார். ஓமார் முன்பு நாடிழந்து திரிந்த காலத்தில் லிங்காவில் அடைக்கலம் பெற்றிருந்து, 1839-இல் அங்கிருந்தே ஆள் திரட்டிச் சென்று அரசை மீட்டவர். மருமகனைப் புறக்கணிக்க அவரால் எங்ஙனம் இயலும்?

மகமூது வெறும் விருந்தாளியாகவே சென்றார் என்று கூறுவது மிகையாகும். பாட்டனார் காலத்து அரசு முழுவதும், குறிப்பாகப் பகாங், தமக்கே உரியது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. ஆனால் மலாய் அரச மரபில் உறவும் அரசியலும் இரு வேறு அறைகளில் வைக்கப்பட்டவை அல்ல. டச்சுக்காரர் அவரைத் தங்கள் அனுமதியின்றி வெளியே செல்லலாகாது என்று தடுத்தனர். அவர் கேட்கவில்லை. 1857 அக்டோபர் 7-இல், அவர் சிங்கப்பூரில் இருந்தபோதே, அரசிலிருந்து நீக்கப்பட்டார். சிற்றப்பன் சுலைமான் அரசரானார்.

அவ்வாண்டிலேயே பகாங்கில் பெண்டகாரா முத்தாகிரும் அவர் தம்பி வான் அகமதுவும் பொருதத் தொடங்கினர். நாடிழந்த மகமூது பகாங்குக்கும் திரெங்கானுவுக்கும் கடலோடினார். 1861-இல் பாங்காக்குச் சென்றார். அவர் உடன்பிறந்தாள் ஒருத்தி சயாம் மன்னர் மோங்குட்டின் மனைவியருள் ஒருவரானார். மறு ஆண்டு சயாமியக் கப்பல்கள் துணைவரத் திரெங்கானுவில் மாமன் வீட்டில் இறங்கினார். அவர் அங்கிருப்பது பகாங் போரை வளர்த்துச் சிங்கப்பூர் வணிகத்தைக் கெடுக்கும் என ஆளுநர் கேவனா கருதினார். 1862 நவம்பர் 11-இல் ஆங்கிலப் போர்க்கப்பல்கள் கோலாத் திரெங்கானுவைப் பீரங்கியால் தாக்கின. பருவக்காற்று தொடங்கும் மாதமாதலால் நெடுநாள் முற்றுகையிட வழியில்லை. அவசரம் அதனால் வந்தது. நகரம் சேதமுற்றது, மகமூது பிடிபடவில்லை. 1863-இல் ஆங்கில நாடாளுமன்றத்திலேயே இச்செயல் கேள்விக்குள்ளாயிற்று. அவ்வாண்டில் பகாங்கில் வென்றவர் வான் அகமதே என்பதும் நோக்கத்தக்கது.

மலாய்மொழி உள்ளூர்க் கலத்தைப் பெராகு என்கிறது. பெருங்கலத்திற்கு நம் 'கப்பல்' என்னும் சொல்லை ஏற்றுக் காப்பால் என்கிறது. மருமகன்மார் பெராகுவில் வந்து பழகிய ஆற்று முகத்திற்கு அன்று வந்தவை காப்பால்கள்.

இச்செய்திகள் பலவற்றை ராஜா அலி ஹாஜி தம் 'துஃபாத் அல்-நபிஸ்' நூலில் எழுதியுள்ளார். அவர் பூகிஸ் மரபினர். மகமூதின் போக்கை விரும்பாதவர். எனவே அந்நூலில் இவருடைய பயணங்கள் கவலையற்ற இளைஞரின் ஊர்சுற்றலாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

மகமூது 1864-இல் பகாங்கில் இறந்தார். மாமன் ஓமார் 1876 வரை ஆண்டார். 1911-இல் டச்சுக்காரர் லிங்காவின் கடைசிச் சுல்தானையும் நீக்கினர். அவர் கடல் கடந்து போன இடமும் சிங்கப்பூரே.