தாதர் புறாக்களும் தீர்ந்துபோன உணவு வில்லைகளும்

மும்பை மாட்டுங்காவுக்கு அடுத்த நிறுத்தமான தாதரில், ரயில் நிலையத்தின் மேற்கே கபூதர்கானா உள்ளது. பாரசீகத்தில் ‘கபூதர்’ புறா, ‘கானா’ வீடு. பெயரில்தான் வீடு, உண்மையில் அது 1930களில் நீரூற்றாகக் கட்டப்பட்டுப் பின்னர் தானியம் இறைக்கும் திடலாக மாறிய இடம். 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் மாநகராட்சி அதைத் தார்ப்பாயால் மூடியது; எதிர்ப்பாளர்கள் சில நாள்களிலேயே கிழித்தனர். புறா எச்சத்தால் வரும் நுரையீரல் நோய் ஒருபுறம், ஜீவகாருண்யம் மறுபுறம் என வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பறவை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதும் இவ்வழக்கோடு சேர்த்து எண்ணத்தக்கது. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1930களில் பி.எஃப். ஸ்கின்னர் தம் எலிகளுக்கான உணவு வில்லைகளைக் கையாலேயே செய்துவந்தார். ஒரு சனிக்கிழமை இருப்பைக் கணக்கிட்டபோது, மாலை முழுவதும் வில்லை செய்யாவிட்டால் திங்கள் காலையிலேயே தீர்ந்துவிடும் எனத் தெரிந்தது. ஆகவே, நெம்புகோலை எத்தனை முறை அழுத்தினாலும் நிமிடத்துக்கு ஒன்று மட்டும் தருவது என முடிவு செய்தார். எலிகள் சோர்ந்துவிடவில்லை; சீராக அழுத்திக்கொண்டே இருந்தன. ஒரு பெரும் ஆய்வுத்துறை சோம்பலிலிருந்து பிறந்தது எனலாம். வெகுமதியை முற்றிலும் நிறுத்தியபோது, ஒவ்வொரு முறையும் பெற்றுப் பழகிய விலங்கு விரைவில் கைவிடுகிறது. எப்போதாவது பெற்றுப் பழகியது நெடுநேரம் முயல்கிறது என்பது பின்வந்த சோதனைகளில் மீண்டும் மீண்டும் தெரிந்தது.

1961-இல் ஹார்வர்டில் ரிச்சர்ட் ஹெர்ன்ஸ்டைன் மூன்று புறாக்களின் முன் இரண்டு பொத்தான்களை வைத்தார். ஒவ்வொன்றிலும் தானியம் கிடைக்கும் நேரம் முன்கூட்டி அறிய இயலாதது, வீதமும் வேறு. புறாக்கள் வளமான பொத்தானிலேயே தங்கிவிடவில்லை. மொத்தத் தானியத்தில் ஒரு பொத்தான் தந்த பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு பங்குக் கொத்தலே அதற்குக் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் தாவரவியல் தோட்டக் குளத்தில் டேவிட் ஹார்ப்பர் 1982-இல் வெளியிட்ட சோதனை இதைக் கூட்டத்துக்கு நீட்டியது: இருவர் வெவ்வேறு வேகத்தில் ரொட்டி எறிய, வாத்துகள் ஓரிரு நிமிடங்களில் அதே விகிதத்தில் இரு அணிகளாகப் பிரிந்தன.

இவற்றைத் தாதரில் பொருத்தினால் இரண்டு எதிர்பார்ப்புகள் எழுகின்றன. திடல் மட்டும் மூடப்பட்டால், புறாக்கள் மாட்டுங்கா மாடிகளுக்கும் தாராவியின் தெருக்களுக்கும் அங்கங்கே சிந்தும் தானியத்தின் அளவுக்கேற்பப் பங்கிட்டுக்கொண்டு போகும். தார்ப்பாயைப் பாதி நாள் கட்டி, மீதி நாள் யாரோ ஒருவர் விடியலில் ஒரு பிடி சோளம் வீச விட்டால், அது தடையாகாது. அந்த இடத்தை விட்டு நகராத புறாவைப் பழக்கும் அட்டவணையாகிவிடும்.