சமூக வலைத்தளங்களில் தன்முன்வைப்பு

தம்மைப் பிறர் எவ்வாறு காண வேண்டும் என ஒருவர் விரும்புகிறாரோ அதற்கேற்பத் தம் தோற்றத்தையும் பேச்சையும் நடத்தையையும் ஒழுங்குசெய்துகொள்வது சமூகவியலில் தன்முன்வைப்பு எனப்படும். கனடாவில் பிறந்த சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், ஷெட்லாந்து தீவுகளில் செய்த களஆய்வின் துணையோடு 1956-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். பிறர் பார்வைக்கு உட்பட்ட இடத்தை முன்மேடை என்றும், அப்பார்வைக்கு எட்டாத இடத்தைப் பின்மேடை என்றும் அவர் பிரித்தார். மேலதிகாரியிடம் ஒருவிதமாகவும் நண்பரிடம் வேறுவிதமாகவும் பேசுவது அவையறிந்து ஒழுகும் இயல்பான திறனே என்பது இப்பார்வையிலிருந்து விளங்கும்.

வலைத்தளங்கள் இந்த அவைகளை ஒன்றாக்கின. அமெரிக்காவில் 2003-ஐ ஒட்டிப் பரவிய பிரெண்ட்ஸ்டர் தளத்தை ஆராய்ந்த டானா பாய்ட், சான் பிரான்சிஸ்கோ ஆசிரியை ஒருவரின் நிலையைப் பதிவுசெய்துள்ளார். தம் வயதுத் தோழர்களுக்காக அவர் அமைத்திருந்த பக்கத்தை மாணவர்கள் கண்டுபிடித்து நட்பு வேண்டினர். அவர் தம் பக்கத்தைத் திருத்திக்கொண்டாலும், தோழர்களின் பக்கங்களில் இருந்த விளையாட்டான பதிவுகள் மாணவர் கண்ணில் படுவதைத் தடுக்க இயலவில்லை. இவ்வாறு தனித்தனியே இருந்த அவைகள் ஓரிடத்தில் கலந்துவிடுவதைச் சூழல் குலைவு என்பர். ஆலிஸ் மார்விக்கும் பாய்டும் ட்விட்டர் பயனர்களைப் பற்றி எழுதிய ஆய்வு, பயனர்கள் தம்மைப் படிப்போர் இன்னார் எனக் கற்பனை செய்துகொண்டு எழுதுவதையும், சில செய்திகளைத் தாமே தவிர்த்துவிடுவதையும் எடுத்துக்காட்டியது.

2004-இல் ஹார்வர்டு மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டு 2006-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட ஃபேஸ்புக், உண்மைப் பெயரை வலியுறுத்தியது. ஒருவருக்கு இரண்டு அடையாளங்கள் இருப்பது நேர்மைக் குறைவு என்று அதன் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் கருதியதும் உண்டு. காஃப்மன் காட்டிய வாழ்வியல் உண்மைக்கு இது முரணானது. அடையாளத்தைப் பிரித்து வைத்தால்தான் பாதுகாப்பாக வாழ இயலும் என்ற நிலையில் உள்ளோருக்கு அநீதியுமாகும். பெண்வேடமிட்டு நடிக்கும் கலைஞர்கள் பலரின் கணக்குகள் இவ்விதியால் முடக்கப்பட்டதை அடுத்து, 2014-இல் அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது.

2009-இல் ஃபேஸ்புக்கில் வந்த லைக் பொத்தான், பிறர் மதிப்பை எண்ணாக மாற்றிப் பலரறியக் காட்டியதால், எத்தகைய பதிவு வரவேற்பைப் பெறும் என்பதைப் பயனர் விரைவில் கற்றுக்கொள்ள வழிவகுத்தது. விருப்ப எண்ணிக்கையை மறைக்கும் வசதியை இன்ஸ்டாகிராம் 2021-இல் வழங்கியது. எனினும் வலைப்பக்கம் யாவும் புனைவே எனக் கொள்வதும் பொருந்தாது: மிட்யா பாக் முதலானோர் 2010-இல் வெளியிட்ட உளவியல் ஆய்வு, பக்கங்கள் பயனரின் விரும்பிய பிம்பத்தைவிட உண்மையான ஆளுமையையே வெளிப்படுத்துவதாகக் கண்டது.

நெருங்கியோர்க்கு மட்டுமான இரண்டாம் கணக்குகளும், ஸ்னாப்சாட் 2013-இல் அறிமுகப்படுத்தி இன்ஸ்டாகிராம் 2016-இல் பின்பற்றிய, 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரிகளும் பின்மேடையை ஓரளவு மீட்டுத் தருகின்றன. ஆயினும் ஒரு ஸ்கிரீன்ஷாட் அதையும் பொதுவெளிக்குக் கொண்டுவரக்கூடும் என்பதால், அம்மறைவு பார்ப்பவரின் நம்பகத்தன்மையைப் பொறுத்தே நிலைக்கிறது.